பெயரை எழுதுங்கோ, இலையை எழுதாதேங்கோ

போன வருடம் ஒஸ்லோவில் முதல் பனி கொட்டிய கிழமை அது. நான் இங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்கிறேன். ஆய்வாளர்கள் திரட்டிய தரவுகளுக்கு இணையத்தில் ஒரு நிரந்தர எண் கொடுப்பது என் வேலை. இணையதளம் இடம் மாறினாலும் அந்த எண்ணைத் தட்டினால் சரியான பக்கத்துக்குப் போய்ச் சேரலாம். ஒரு முறை கொடுத்துவிட்டால் அழிக்கவே முடியாது. நான் குடியிருக்கும் ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து ரயிலில் வரும்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால், இதை விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

அன்று என் மேசைக்கு வந்தவர் உகாண்டாவைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர். என் வயதுப் பெண். பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கை நிறுத்த, அவருடைய ஊர்ப்பக்கத்து மருத்துவிச்சி ஒருவர் பயன்படுத்தும் இலையைப் பற்றி ஆராய்ந்திருந்தார். இலையின் படம், கிடைக்கும் இடம், பக்குவம் செய்யும் முறை, மருத்துவிச்சி பேசிய ஒலிப்பதிவு எல்லாம் இருந்தன. அவற்றை எல்லோருக்கும் திறந்துவைத்தால்தான் கட்டுரையை வெளியிடுவோம் என்று சஞ்சிகை சொல்லியிருந்தது. கட்டுரை வந்தால்தான் ஒஸ்லோவில் அவருடைய வேலை நீடிக்கும்.

நான் பார்த்த பழைய பதிவுகளில் “தகவல் தந்தவர்: உள்ளூர்ப் பெண்” என்றுதான் இருக்கும். இவரோ மருத்துவிச்சியின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னார். ஆனால் அந்தப் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. எது சரி என்று கேட்க, என் மேசையிலிருந்தே மருத்துவிச்சியை வீடியோவில் அழைத்தார்.

திரையில் தெரிந்த மருத்துவிச்சிக்கு நாற்பது வயது மதிக்கலாம். மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். பிறகு, இந்த எண் எதற்கு என்று கேட்டார். ஆய்வாளர் தங்கள் மொழியில் விளக்கினார். கிழங்கு உரித்த கை நின்றது. அவர்கள் பேசியதை ஆய்வாளர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்:

“என்ர பேரை எழுதுங்கோ. இலையை எழுதாதேங்கோ.”

“நீங்கள் முந்தி ஓமெண்டு சொன்னனீங்கள்தானே?” என்றார் ஆய்வாளர்.

“உங்களுக்குத்தான் சொன்னனான். உலகம் முழுக்கப் பாக்கப்போகுது எண்டு நினைக்கேல்லை. முந்தி ஒரு மரப்பட்டையைப் பற்றி ஆரோ எழுதிச்சினம். பிறகு லொறியள் வந்தது. இப்ப அந்த மலையில ஒரு மரமும் இல்லை. இந்த இலை ஓடைக்கரையில மட்டும்தான் இருக்கு. அதுவும் போச்செண்டால், பிள்ளை பெத்தவளுக்கு ரத்தம் போகேக்கை நான் என்ன செய்யிறது?”

அழைப்பு முடிந்தது. மருத்துவிச்சி முன்பு தந்த சம்மதம் கையில் இருந்தது. பதிவு செய்தால் கேட்க ஆளில்லை.

“உங்கட வேலை போயிடுமே,” என்றேன்.

“அவ இல்லாட்டி என்ர தங்கச்சி இண்டைக்கு உயிரோட இல்லை. இலையை எடுத்துவிடுங்கோ,” என்றார்.

அன்று பின்னேரம் முழுவதும் இருந்து பதிவைத் திருத்தினோம். படத்திலிருந்து ஒலிப்பதிவு வரை எல்லாவற்றையும் பூட்டினோம். எண்ணைத் தட்டினால் இப்போது ஒரு சின்னப் பக்கம்தான் வரும். மருத்துவிச்சியின் பெயர், ஆய்வாளரின் பெயர், பேசிய மொழி. கீழே ஒரு வரி: “இந்த அறிவு அதற்கு உரியவர்களிடம் இருக்கிறது. அவர்களைக் கேளுங்கள்.”

சஞ்சிகை கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆய்வாளரின் வேலையும் நீடிக்கவில்லை. அவர் கம்பாலாவுக்குத் திரும்பிப் போனார். சில மாதங்கள் கழித்து, பூட்டிய பதிவை அப்படியே ஏற்றுக்கொண்ட வேறொரு சஞ்சிகையில், இலையின் பெயரும் இடமும் இல்லாமல் கட்டுரை வந்தது. ஆய்வாளர் அதைக் காட்டியபோது மருத்துவிச்சி திரையில் இருந்த தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தாராம்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைப்பதுதான் நல்லது என்று நம்பி இந்த வேலைக்கு வந்தவள் நான். இப்போது எந்த எண்ணையும் கொடுப்பதற்கு முன், “இதைத் தந்தவரிடம் இன்னொரு தரம் கேட்டீர்களா?” என்று கேட்கிறேன், சிலர் முகம் சுளிக்கிறார்கள், ஆனாலும் அவர்கள் பதில் சொல்லும்வரை என் விரல் பொத்தானுக்குப் போவதில்லை.