எங்கள் வீட்டு வழக்கு நாவலான கதை

ஓய்வு பெற்ற அந்த இன்ஸ்பெக்டர் துப்பறியும் நாவல் ஒன்று எழுதி, வெளியீட்டு விழா அழைப்பிதழோடு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். "உங்க மாமியார் செயின் கேசுதாம்மா. நானும் ஏட்டும் கண்டுபிடிச்சதை அப்படியே எழுதியிருக்கேன்" என்றார்.

கண்டுபிடித்த லட்சணம் எனக்குத் தெரியும். பரவை மார்க்கெட்டில் அத்தையின் செயினை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடியபோது இந்த இருவரும்தான் விசாரிக்க வந்தார்கள். இவர் ஃபேனுக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காபி கேட்டார். ஏட்டு அதில் சர்க்கரை போதவில்லை என்றார். வேலையில்லாமல் வீட்டிலிருந்த என் கொழுந்தனைப் பார்த்ததுமே இரண்டு பேருக்கும் வழக்கு முடிந்துவிட்டது. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளங்கால் வீங்கித் திரும்பி வந்தான்.

கொஞ்ச நாளில் அதே மார்க்கெட்டில் திருடன் இன்னொருத்தி கழுத்தில் கைவைத்தான். காய்கறி விற்கும் பெண்கள் அவனை அமுக்கிப் பிடித்து, லோடு வண்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிப்போட்டார்கள். போன் போனபிறகு வந்த இந்த இருவரும் அவனுக்கு இரண்டு பக்கமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

நாவலில் அந்தப் பெண்கள் ஒருத்திகூட இல்லை. கீழக்குயில்குடி மலையடியில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தே இன்ஸ்பெக்டர் திருடனின் ஊரைச் சொல்லிவிடுகிறார். ஏட்டு வாயைப் பிளக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் அவருக்கு அதுதான் வேலை. அது மட்டும் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

விழாவில் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கைதட்டத் தயாராக இருந்தவர்கள் செல்போனை எடுத்துக் குனிந்துகொண்டார்கள். நாவலாசிரியர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார்.

"கதைன்னா கொஞ்சம் கற்பனை இருக்கத்தானம்மா செய்யும்."

"அடி கற்பனை இல்ல சார்" என்றேன். முன்வரிசையில் ஏட்டு மிக்சர் பொட்டலத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் இப்போது சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறான். நான் வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை வாங்கி, தான் வரும் பக்கத்தைத் தேடிப் பிடித்து மெதுவாகப் படித்தான். அதில் அவன் இன்ஸ்பெக்டர் காலைக் கட்டிக்கொண்டு, தன்னைத் திருத்தியதற்கு நன்றி சொல்லி அழுகிறான்.

"அம்புட்டு அடிச்சப்பயும் நான் அழல அண்ணி" என்றான்.

"தெரியும்ப்பா" என்றேன்.

புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.