தோற்றம்: 1966

தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெருமாள்சாமி அண்ணன் தன் புத்தகத்துக்கு வேறு தலைப்பு வைத்திருந்தால் இந்த ரஃபியாவின் தப்பு இவ்வளவு தூரம் போயிருக்காது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எதைக் கேட்டாலும் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பேன். புத்தகம் மட்டும் செய்ததில்லை. அண்ணன் வேடசந்தூர் தடத்தில் ஒரு தனியார் பேருந்தில் இருபத்தெட்டு வருடம் கண்டக்டர். வேலையை விட்டதும் நான்கு நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார்.

“எவன்ட்டயும் போயி நிக்க மாட்டேன் தாயி. நானே எழுதுனேன், நானே போடுவேன், நானே விப்பேன்.”

பதிப்பகத்துக்கு ‘விசில்’ என்று பெயர் வைத்தார். புத்தகத்துக்கு ‘இறங்குற இடம் வந்தாச்சு’.

பதினேழாவது அத்தியாயத்தை அடிக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. அகரத்தில் கட்டிக்கொடுத்த அவர் தங்கச்சி ஜக்கம்மாள், ஏழு வருடத்துக்கு முன் ஒருநாள் நாத்தனார்களோடும் ஒரு சம்பங்கி மூட்டையோடும் அவருடைய பேருந்தில் ஏறியிருக்கிறாள். அன்றைக்கென்று வண்டியில் செக்கர். அண்ணன் தங்கச்சிக்கு டிக்கெட் கிழித்தார். அதோடு விட்டாரா மனுஷன்? பூ மூட்டைக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். நாத்தனார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றோடு அண்ணன் தங்கச்சி பேச்சு நின்றது.

“நேர்ல மன்னிப்புக் கேக்க வாய் வரல தாயி. லெட்டரா எழுதுனா கிழிச்சுப் போட்ருவா. புஸ்தகம்னா கிழிக்க மாட்டா, சரஸ்வதில்ல. அவ ஒருத்தி படிச்சாப் போதும். மத்த அத்தியாயமெல்லாம் சும்மா தடிமனுக்கு.”

தடிமனுக்காக இருநூறு பக்கம் எழுதிய ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பின்னட்டைக்கு ‘பிறப்பு: 1966’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். நான் அவசரத்தில், காலையில் செய்த கண்ணீர் அஞ்சலி ஃபைலைத் திறந்து, போட்டோவை மாற்றி, பெயரை மாற்றி, மறைவுத் தேதியை அழித்தேன். ‘தோற்றம்’ என்ற சொல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பிறந்த வருடத்தைத் தோற்றம் என்று செத்தவர்களுக்குத்தானே போடுவோம்! அண்ணனாவது கவனித்திருக்கலாம். அவர் தன் போட்டோவைப் பார்த்து, “தோற்றம் நல்லாத்தான் இருக்கு” என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்தப் பின்னட்டையைச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பிலும் போட்டார். சிரித்த முகம், தோற்றம் 1966, இறங்குற இடம் வந்தாச்சு. அதன் கீழே, ‘ஞாயிறு காலை பத்து மணி, தாடிக்கொம்பு மண்டபம், அனைவரும் வருக.’

ஞாயிற்றுக்கிழமை புத்தக வெளியீட்டுக்கு இருபது பேர் வந்திருந்தோம். அண்ணன் பட்டு வேட்டி கட்டி வாசலில் நின்று வடை தின்றுகொண்டிருந்தார். கண் மட்டும் ரோட்டில் இருந்தது. ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

“செத்ததக்கூடச் சொல்லாம காரியத்துக்குக் கூப்புடுறாகளே! என்னைய விட்டுட்டுப் போய்ட்டியே அண்ணே!”

ஆளுயரச் சம்பங்கி மாலையோடு, ராகம் போட்டு அழுதபடி ஜக்கம்மாள் இறங்கினாள். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“எங்கயும் போகல ஆத்தா, இங்கனதான நிக்கிறேன்” என்றார், வடையை மென்றுகொண்டே.

யா அல்லா! அவள் அந்த மாலையாலேயே அவரை நாலு சாத்துச் சாத்தினாள். “உசுரோட இருந்துக்கிட்டா என்னைய இம்புட்டு அழ வச்ச? நீயெல்லாம் நல்லாருப்பியா?” பூவெல்லாம் அவர் தலையில் கொட்டியது. நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வேறென்ன செய்ய?

அண்ணன் பதினேழாவது அத்தியாயத்தை விரித்துப் புத்தகத்தை நீட்டினார். அவள் படியில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். படித்து முடித்ததும் நிமிர்ந்தாள்.

“டிக்கெட்டு கிழிச்சது வந்துருக்கு. செக்கர் வந்துருக்கான். நான் சில்லறைய ஒன் மூஞ்சில விட்டெறிஞ்சேனே, அதக் காணோம்?”

அண்ணன் தலையைச் சொறிந்தார். “அது எதுக்கு ஆத்தா. நாலு பேரு படிக்கிற புஸ்தகம்.”

“வலிச்சுச்சா?”

“பொறுக்கி முடிக்கவே வேடசந்தூர் வந்துருச்சு.”

அவள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை ராகம் வரவில்லை. அண்ணன் கையிலிருந்த மிச்ச வடையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அடுத்த தடவ அச்சடிக்கிறப்ப அதையும் எழுதுண்ணே,” என்றாள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “நான்தான் எறிஞ்சேன்னு எம்பேரப் போட்டே எழுது.”