சுருட்டைக்கு முடி வெட்டியது யார்?

மாஸ்டருக்குப் பயம் கூடப்பிறந்தது. நாய்க்குப் பயம், நகராட்சி ஆளுக்குப் பயம், மாமனார் இருந்தவரை மாமனாருக்குப் பயம். அவர் போன பிறகு அந்த இடத்தை மனைவி எடுத்துக்கொண்டாள். கையில் சவரக்கத்தியைப் பிடித்துவிட்டால் மட்டும் அந்தப் பயமெல்லாம் எங்கே போய் ஒளியுமோ தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒருவர் கன்னத்திலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. மாமனாரின் முடிதிருத்தும் கடையில் தரை கூட்ட வந்தவர், பெண்ணையும் கடையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். இரண்டில் எது முதலில் பிடித்தது என்று கேட்டால் சிரிப்பார். மனைவி காதில் விழும் தூரத்தில் இருந்தால் அதுவும் செய்யமாட்டார்.

கடை சின்னது. இரண்டு சுழல் நாற்காலி, அதில் ஒன்று சுழலாது. சுவர் முழுக்க ஒரு கண்ணாடி, எதிரே ஒரு மர பெஞ்சு, பின்கதவைத் திறந்தால் வீட்டு அடுப்படி. ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள கால்பந்துப் பைத்தியங்கள் அத்தனையும் கூடுகிற இடம் அந்த பெஞ்சுதான். ஆற்றுக்கு இரண்டு கரை, கரைக்கு ஒரு அணி. வருஷத்துக்கு ஒரு முறை இக்கரையும் அக்கரையும் மோதும். அந்த ஒரு மேட்சில் தோற்றுவிட்டால், மற்ற எல்லா மேட்சிலும் ஜெயித்தாலும் இக்கரைக்காரனுக்குச் சாப்பாடு இறங்காது.

மாஸ்டரும் அந்தப் பைத்தியங்களில் ஒருவர்தான். ஆனால் மைதானத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. கூட்டம் என்றால் அவருக்குக் கை கால் உதறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஞ்சில் உட்கார்ந்து இவர்கள் பேசுகிற மேட்ச்தான் அவர் பார்க்கிற மேட்ச். யார் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தான், யார் கோட்டைவிட்டான் என்று அவர் சொல்லக் கேட்டால் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் என்றுதான் நினைப்பீர்கள்.

இக்கரையில் ஒரு சட்டம் உண்டு. அக்கரை மேட்ச் நடக்கும் வாரத்தில் யாரும் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. ஆட்டக்காரனும் கூடாது, ரசிகனும் கூடாது. யார் ஆரம்பித்தது, எதற்காக என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மீறினால் தோல்வி என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அந்த வாரம் மாஸ்டர் கத்திரிக்கோலுக்கு எண்ணெய் போட்டு டிராயரில் படுக்கவைத்துவிட்டு, சவரம் மட்டும் செய்வார். மேட்ச் முடிந்த மறுநாள் கரடி மாதிரித் தலையோடு இக்கரையே வரிசையில் வந்து நிற்கும்.

சிரித்துவிடாதீர்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கேப்டனின் காலுறையைத் தெரியாத்தனமாகத் துவைத்துவிட்டார் மாஸ்டர் கடைக்கு எதிரே இருந்த சலவைக்கடைக்காரர். அந்தக் காலுறை ஜெயித்த காலுறை, மேட்ச் வரை தண்ணீர் படக்கூடாது. இக்கரை தோற்றது. மறுநாள் அவர் கடைக் கண்ணாடி தூள் தூளாகிவிட்டது. அதன்பிறகு ஒருவரும் ஒரு கைக்குட்டைகூட அங்கே போடவில்லை. மனுஷன் பெண்டாட்டி பிள்ளைகளோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். பூட்டிக்கிடக்கும் அந்தக் கடையைப் பார்த்தபடிதான் மாஸ்டர் தினமும் தன் கடையைத் திறக்கிறார்.

அப்படிப்பட்ட மாஸ்டரின் பின்கதவை, மேட்ச் அன்று சனிக்கிழமை விடியற்காலையில் தட்டினான் சுருட்டை. இக்கரைக்குக் கோல் அடித்துக் கொடுக்கிறவன் அவன்தான். தலை நிறையச் சுருள் சுருளாக முடி, அதனால் அந்தப் பெயர். அம்மாவை எங்கோ தொலைவில் விட்டுவிட்டு வந்து, சைக்கிள் கடை மாடியில் தனியாகக் குடியிருந்தான்.

"மாமா, கொஞ்சம் வெட்டி விடுங்க."

"விளையாடாதே. இன்னைக்கா?"

அவன் தொப்பியைக் கழற்றினான். காதுக்கு மேலே ரத்தம் காய்ந்து, முடியெல்லாம் சிக்குப்பிடித்துக் கட்டியாக ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை எல்லாரும் போன பிறகு தனியாகப் பயிற்சி செய்தானாம். பாய்ந்த வேகத்தில் கோல்கம்பத்தில் மண்டை மோதிவிட்டதாம்.

"கோச் பாத்தா ஆட விடாம உக்கார வெச்சிடுவாரு மாமா. அந்தக் கட்டிய மட்டும் எடுத்துட்டு, வித்தியாசம் தெரியாம சுத்தி வெட்டிடுங்க."

மாஸ்டரின் விரல் வீக்கத்தில் பட்டது. ஊறிப்போன ரொட்டி மாதிரி மெத்தென்று அமுங்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"வலிக்குதா?"

"லேசா. மாத்திரை போட்டிருக்கேன்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"மேட்ச் முடியட்டும் மாமா."

மாஸ்டர் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு டிராயரைத் திறந்தார்.

அவன் போன பிறகு மனைவி வந்து தரையில் கிடந்த சுருள்களைப் பார்த்தாள். கூட்டி அள்ளிப் பையில் கட்டினாள். "யார் கேட்டாலும் ஊமையா இருங்க. நமக்கு மூட்டை கட்டத் தெம்பு இல்ல," என்றாள்.

இக்கரை தோற்றது. அதுவும் எப்படி? மூன்று கோல் வாங்கி, ஒன்றுகூடத் திருப்பிக் கொடுக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை நிரம்பி வழிந்தது. சாவு வீடு மாதிரி முகங்கள், வாய் மட்டும் ஓயவில்லை. சுழலுகிற நாற்காலியில், முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தவர் மைக். காய்கறிச் சந்தையில் ஏலம் போடுகிறவர். பட்டப்பெயருக்கு ஏற்ற தொண்டை, திறந்தால் அக்கரைக்கே கேட்கும். ரசிகர்களுக்கெல்லாம் தலைவர் அவர்தான், சலவைக்கடைக்கு முதலில் கல்லெடுத்தவரும் அவர்தான் என்பார்கள். பெஞ்சின் ஓரத்தில் அணியின் வேன் டிரைவர்.

"ஆட்டமாய்யா அது?" மைக் நுரை தெறிக்கக் கத்தினார். "சுருட்டை காலடியில பந்து, முன்னாடி காலி கோல். பச்சப்புள்ள தள்ளினாக்கூடப் போயிருக்கும். இவன் நின்னு வேடிக்கை பாக்கிறான்!"

"அது பரவாயில்லண்ணே," என்றான் பெஞ்சில் ஒருவன். "இடைவேளைக்கப்புறம் நம்ம கோல்பக்கம் பந்தை ஓட்டிட்டு வந்தானே, அதச் சொல்லுங்க. பக்கம் மாறினதே அவனுக்குத் தெரியல."

"அக்கரைக்காரனுக்கு வெத்தல பாக்கு வெச்சுக் குடுக்கிற மாதிரி பந்தைக் குடுத்தான்."

"விலை போயிட்டான்யா. வேற என்ன?"

மாஸ்டர் மைக்கின் கன்னத்தில் கத்தியை இறக்கினார். காது மட்டும் பெஞ்சில் இருந்தது. அப்போது இன்னொருவன் சொன்னான்: "எல்லாரும் ஒண்ணக் கவனிக்கல. அவன் தலையப் பாத்தீங்களா? வெட்டியிருக்கான்."

கண்ணாடிக்குள் மைக்கின் கண்கள் மெதுவாக மேலே வந்து மாஸ்டரின் கண்களைப் பிடித்தன.

"யார் வெட்டினது?"

மாஸ்டர் கத்தியைத் துடைக்கத் திரும்பினார். வாசல் வழியாக எதிர்க்கடையின் துருப்பிடித்த பூட்டு தெரிந்தது.

"மாஸ்டரா? அவரு நிழலப் பாத்தே பயப்படற ஆளு," என்று சிரித்தான் ஒருவன். "அக்கரையில போய் வெட்டியிருப்பான். அங்க போய்த்தான் எல்லாத்தையும் பேசி முடிச்சிருக்கான்."

பெஞ்சு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. ஆமாம், அக்கரைதான், அக்கரையேதான். தப்பித்தோம் என்று இருந்தது மாஸ்டருக்கு. அடுத்த கன்னத்துக்கு நுரையைப் பூசினார்.

"எனக்கு என்னவோ அவன் குடிச்சிருந்தான்னு தோணுது," என்றார் டிரைவர். "வேன்ல ரெண்டு தடவ வாந்தி. ஆனா வாடை இல்ல. வெளிச்சம் கூசுதுன்னு முகத்த மூடிக்கிட்டான். கேட்டதுக்குப் பதில் சொல்றான், நாக்கு குழறுது. மாடியேத்தி விட்டுட்டு வந்தேன்."

"இப்ப எங்க அவன்?"

"ரூம்லதான். காலையில போய்த் தட்டினேன், திறக்கல. குறட்டை மட்டும் படிக்கட்டு வரைக்கும் கேக்குது. மூணு கோல் வாங்கிட்டு எப்படித்தான் தூக்கம் வருதோ!"

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அந்தக் குறட்டையை அவருக்குத் தெரியும். மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, தலையைத் தடவிக்கொண்டே எழுந்து வந்து, டீ குடித்துவிட்டுப் படுத்தார். நன்றாக அசந்து தூங்குகிறார், எழுப்பாதே என்று மனைவியிடம் சொன்னவர் மாஸ்டர்தான். சாயங்காலம் குறட்டை நின்றபோதுதான் போய்ப் பார்த்தார்கள்.

விரல்நுனியில் அந்த மெத்தென்ற வீக்கம் இப்போது மறுபடி அமுங்குவது போல இருந்தது. சொன்னால் கடை போய்விடும். சொல்லாவிட்டால்? மைக்கின் தாடையில் வெள்ளை நுரைக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

"யோவ் மாஸ்டர்!"

பின்கதவில் டீ தட்டோடு மனைவி நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"நான்தான் வெட்டினேன்," என்றார் மாஸ்டர்.

மைக் எழுந்தார். பாதி முகம் நுரை, தாடையில் ரத்தம், கழுத்தில் கட்டிய துணி. பெஞ்சு மொத்தமும் அவரோடு எழுந்தது. மாஸ்டர் சுழலாத நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அடிங்க. கடைய உடைங்க. எல்லாத்தையும் அப்புறம் செய்யுங்க," குரல் கீச்சென்று வந்தது. "முதல்ல அவன் கதவ உடைங்க. அவன் தூங்கல. மண்டையில அடி. வியாழக்கிழமையே பட்ட அடி. ஓடுங்க!"

மைக் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு கழுத்துத் துணியோடு தெருவில் ஓடினார்.

கதவு இரண்டாவது இடியில் விழுந்தது. சுருட்டை ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கிடந்தான். பக்கத்தில் போன் அணைந்து கிடந்தது. மைக் அவன் காதில் கத்தினார், சந்தை முழுக்கக் கேட்கிற அந்தக் குரலில் கத்தினார். ஓர் இமைகூட அசையவில்லை. குறட்டையும் விட்டு விட்டு வந்தது. காசுக்கு விலை போனவன் என்று சற்றுமுன் திட்டிய அதே மனுஷன், அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு படி இறங்கினார். வேனில் மாஸ்டர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு குறட்டைக்கும் அடுத்த குறட்டைக்கும் நடுவே அவர் உயிர் போய்ப் போய் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே நீளமான தாழ்வாரம், சுவரோரம் நாற்காலிகள். கடை பெஞ்சில் இருந்த அதே ஆட்கள்தான், ஒருவர் வாயிலும் மேட்ச் இல்லை. மைக்கின் கன்னத்தில் நுரை காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் எழுந்தார்கள். வேறு யாராவது வெளியே வந்தால் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் மட்டும் உட்காரவே இல்லை.

மத்தியானம் டாக்டர் வந்தாள். வயசில் சின்னவள், கண்ணெல்லாம் களைப்பு.

"மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருந்தது. எடுத்துட்டோம். பிழைச்சுக்குவார்," என்றாள். டிரைவர் நாற்காலியிலேயே குனிந்து அழ ஆரம்பித்தார். "ஆனா வலது கையும் காலும் எந்த அளவுக்குத் திரும்ப வரும்னு இப்ப சொல்ல முடியாது. விளையாட்டெல்லாம் மறந்துடுங்க. இப்படி அடிபட்ட ஆள நேத்து ஆட விட்டது யாரு?"

"யாருக்கும் தெரியாதும்மா," என்றார் மைக்.

"எனக்குத் தெரியும்," என்றார் மாஸ்டர். "நேத்து விடியக்காலையில தொட்டுப் பாத்தேன்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

மைக் பக்கத்தில் வந்து நின்றார். சத்தம் குறைத்துப் பேச அவருக்கும் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "விடுங்கண்ணே. எங்களுக்குப் பயந்துதானே வாயத் திறக்கல? முடி வெட்டினது வெளிய வந்துடுமேன்னு. அந்தச் சலவைக்காரருக்கு நாங்க பண்ணினதப் பாத்தவரு நீங்க. தப்பு எங்க மேலதான்."

நல்ல பதில், தட்டில் வைத்து நீட்டிய பதில். மாஸ்டர் பயந்தாங்கொள்ளி என்பது ஊருக்கே தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தக் கூட்டமே அவரைத் தோளில் தட்டி வீட்டுக்கு அனுப்பிவைக்கும்.

"அந்தப் பயம் அவன் போனப்புறம்தான் வந்துச்சு," என்றார் மாஸ்டர். "வீக்கத்தத் தொட்டப்போ எனக்கு ஒரு பயமும் இல்ல. கோச்சுகிட்ட சொல்லலாமான்னு நின்னேன். சொன்னா இவன உக்கார வெச்சிடுவாங்க. இவன் இல்லாம அக்கரைய எப்படி ஜெயிக்கிறதுன்னு நெனச்சேன். அதான் வெட்டினேன்."

மைக் திட்டப் போகிறார் என்று மாஸ்டர் காத்திருந்தார், திட்டினால் தேவலை என்றிருந்தது. மைக் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தத் தாழ்வாரத்தில் ஒருவர்கூட, நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று சொல்லவில்லை.