கண் கட்டிய கல்

கண் திறக்காத சிலைக்குக் கண்ணைக் கட்டுவானேன்? மாமல்லபுரம் சாலையோரத்துச் சிற்பக் கூடத்தில் கால் வைத்ததும் என் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான். கூடுவாஞ்சேரியில் எங்கள் குடியிருப்புக் கோயிலுக்காக நாங்கள் சொல்லிவைத்திருந்த பிள்ளையார் சிலை, சுவரைப் பார்த்தபடி நின்றது. அதன் கண்களைச் சுற்றி ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது.

இந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். சிலையின் எல்லா வேலையும் முடிந்த பின்னும் கருவிழிக் கோட்டை மட்டும் போடாமல் விட்டுவைப்பார்கள். கோயிலில், உரிய சடங்கோடு, ஸ்தபதி பொன் ஊசியால் அதைக் கீறுவார். அதுவரை அது வெறும் கல். கூடத்து ஆட்கள் அதன் தோளில் சட்டையை மாட்டுவார்கள், மடியில் சோற்றுத் தூக்கை வைப்பார்கள். கோடு விழுந்த பிறகு அதன் எதிரே எவரும் காலை நீட்டுவதில்லை. முதல் தரிசனம் வரையில் துணி கட்டி வைப்பதும் அப்போதுதான். ஆகவே அந்தத் துணி என்னை உறுத்தியது.

நான் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சடப்பொருள் எதையும் உணராது, கல்லானாலும் கணினியானாலும் இதில் வேறுபாடில்லை என்று எங்கள் குடியிருப்பின் ஆண்டு மலரில் கட்டுரை எழுதியிருக்கிறேன். அதைப் படித்த பின்பும் என்னைத் திருப்பணிக் குழுவின் தலைவராக்கினார்கள். எவரும் என்னை எளிதில் ஏமாற்றிவிட முடியாது என்பதே காரணம் என்று அறிகிறேன். உடன் வந்த செயலாளர் கல்பாக்கத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர். மாலை நடையின்போது என் கட்டுரையை மறுப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. 'இன்னிக்கு இல்லன்னாலும் ஒரு நாள் மெஷினுக்கு உணர்வு வரும் சார், நாம இருந்து பாப்போம்' என்பார். அன்று நடந்ததை அவர் தம் விருப்பப்படி வெளியே சொல்லித் திரிகிறார் என்று எனக்கு ஐயம் உண்டு. நானே எழுதிவைப்பது நல்லது.

"துணி எதற்கு?" என்று கூடத்து உரிமையாளரான ஸ்தபதியைக் கேட்டேன்.

"தூசு சார். கிரைண்டர் ஓடிகினே கீதுல்ல, கண்ணுல வுழக்கூடாதுன்னு."

"திறக்காத கண்ணில் தூசு விழுந்தால் என்ன?"

நானே முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு கருவிழிகளும் முழுமையாக, பிசிறின்றி வெட்டப்பட்டிருந்தன. கையால் அவ்வளவு சீராக வராது. கூடத்தின் மறுமூலையில் கணினியோடு இணைத்த கல் வெட்டும் இயந்திரம் நின்றது. அதன் நெற்றி போன்ற பகுதியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

இயந்திரத்தை இயக்குபவர் நடுவயதுக்காரர். தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"முடிஞ்ச செல ஒண்ண ஸ்கேன் பண்ணி ஏத்தினோம் சார். அதுல கண்ணு கீதுன்னு பாக்கல. மெஷினும் போட்டுகினே போயிடுச்சு."

"வாய வெச்சிகினு சும்மா இருடா" என்று அவரை அதட்டிவிட்டு, ஸ்தபதி என் பக்கம் திரும்பினார். "சார், மெஷினுக்கு இன்னா தெரியும்? அதுக்குத் தும்பிக்கையும் ஒண்ணு, கண்ணும் ஒண்ணு. தெரிஞ்சவன் தொறந்தாதான் தொறப்பு. இது வெறும் கீறல் சார்."

என் கட்டுரையின் வாதமே அது. ஆயினும் அவர் வாயில் கேட்டபோது விற்பவரின் சமாதானமாகவே பட்டது.

"ஒன்றும் தெரியாத இயந்திரத்துக்குப் பொட்டு எதற்கு?"

"வெச்சா ஒழுங்கா ஓடும்."

"வைத்தது அதற்குத் தெரியுமா?"

"அதுக்குத் தெரியாது சார். வெக்கலன்னா எங்களுக்குத் தெரியுமே."

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கும்பாபிஷேக அழைப்பிதழ்கள் என் பெயரோடு ஊரெல்லாம் போய்விட்டன. இயந்திரம் கண் திறந்த சிலையை இந்தத் தலைவர் ஏற்றுக்கொண்டார் என்ற பேச்சு எழுந்தால், கட்டுரை எழுதிய என் நாத்திகமே காரணம் என்பார்கள். மறுத்தாலோ, கல்லுக்குப் பார்வை உண்டென்று நானே ஒப்புக்கொண்டதாகும். எப்படி முடிவு செய்தாலும் செயலாளர் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கோட்டை அழித்துவிடுங்கள். சடங்கில் புதிதாகப் போடுங்கள்" என்றேன்.

ஸ்தபதி தரையைப் பார்த்தார். "என் ஆளுங்க எவனும் உளி வெக்க மாட்டான் சார். நானும் வெக்க மாட்டேன். அவரு பாத்துகினு இருக்காரு."

அதுவரை 'அது' என்று பேசியவர் 'அவரு' என்றார். நான் விடவில்லை.

"வெறும் கீறல் என்றீர்களே?"

"வியாபாரத்துக்குச் சொன்னேன் சார்." அவர் முகம் சுருங்கியது. பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "நீங்க தான கல்லுன்றீங்க? மெஷின்ல ஏத்திக் குடுக்கறோம். கண்ணு மேல மெல்லிசா ஒரு அடுக்கு சீவிடும். பட்டன மட்டும் நீங்க அழுத்துங்க. மெஷினுக்கும் தெரியாது, கல்லுக்கும் தெரியாது. யாருக்கும் பாவம் இல்ல."

"நியாயம்தானே சார்" என்றார் செயலாளர். குரலில் தேன் ஒழுகியது.

என்னை வைத்து நாடகம் நடத்துகிறார்களோ என்று இருவர் முகத்தையும் பார்த்தேன். தெரியவில்லை. அழுத்துகிறேன் என்றேன். சங்கிலியால் தூக்கி, சிலையை இயந்திரத்தின் மேடையில் மல்லாக்கக் கிடத்தினார்கள். வெட்டும் முனை முகத்துக்கு மேலே வந்து நின்றது. இயக்குபவர் பச்சைப் பொத்தானைக் காட்டிவிட்டு விலகினார். நான் விரலை அதன் மேல் வைத்தேன். சிலையின் கண்கள் கூரையைப் பார்த்தன. கூரையைப் பார்த்தன என்பது வெறும் பேச்சு வழக்கு. அவை கூரையை நோக்கி அமைந்திருந்தன, அவ்வளவே.

"முதலில் அந்தத் துணியைக் கட்டுங்கள்" என்றேன்.

எவரும் அசையவில்லை. இயக்குபவர்தான் மெல்லக் கேட்டார்: "துணிய கட்டிட்டா கண்ண எப்பிடி சார் வெட்டறது?"

செயலாளர் செருமினார். அந்தச் செருமலை நான் இன்னும் மறக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டேன். தூசியினால் என் கண் எரிந்ததாகவும், அதனால்தான் குழம்பிச் சொன்னதாகவும் விளக்கினேன். மூவரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். அந்த ஒற்றுமையே சந்தேகத்துக்குரியது.

முடிவை நானே சொன்னேன். சிலை அப்படியே வரட்டும். சடங்கில் பொன் ஊசி அந்தக் கோட்டின் மேலேயே போகட்டும். இது நால்வரோடு நிற்கட்டும்.

"நான் யார்கிட்ட சார் சொல்லப்போறேன்?" என்றார் செயலாளர், நான் கேட்காமலே.

கும்பாபிஷேகத்தன்று ஸ்தபதி திரைக்குள் போய், ஊசியால் கீறிவிட்டு வெளியே வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் குடியிருப்பே கூடி நின்றது. தலைவர் என்பதால் என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள். மூட்டு வலி என்று சொல்லி ஓரமாக ஒதுங்கப் பார்த்தேன். செயலாளர் என் முழங்கையைப் பிடித்து நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தாமும் அருகில் நின்றார். திரை விலகியது.

"இப்ப பாக்குறாரா சார்?" என்று என் காதருகே கேட்டார்.

"கல் பார்க்காது" என்றேன்.

"இன்னா சார், ரகசியம் மாதிரி சொல்றீங்க? கல்லுதானே, சத்தமா சொல்லுங்களேன்."

கல் பார்க்காது என்பதே இன்றும் என் கருத்து. அதற்கு மாறான சான்று எதையும் நான் கண்டதில்லை. அன்று மேளம் உச்சத்தில் முழங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தியிருந்தாலும் பக்கத்தில் நின்ற அவரைத் தவிர எந்த மனிதருக்கும் கேட்டிராது. நான் சத்தமாகச் சொல்லவில்லை.