மூன்றாவது வார்டின் பழைய திரை

ஜெகதீஸ்வரி சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறவள். பினாங்குத் தீவின் தனியார் மருத்துவமனை ஒன்றில், மருந்து பதியும் கணினி முறையின் சர்வர் பக்கத்து நிரல் முழுக்க அவள் எழுதியது. பழசுதான், ஆனால் ஒருநாளும் படுத்ததில்லை. நோயாளிக்கு ஒவ்வாத மருந்தை யாராவது பதிந்தால் சர்வர் ஏற்காது. திரையில் சிவப்பாக எச்சரிக்கை வரும். திரை பார்த்துக்கொள்ளும் என்று நர்சுகள் பழகிப்போயிருந்தார்கள். அதில் ஜெகதீஸ்வரிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, யாருக்குத்தான் இல்லை!

இந்த ஆண்டு பிரவுசரில் ஓடும் புதுத் திரைகள் வந்தன. அவற்றை எழுதிய குழுவின் தலைவன் ஸ்ரீகரன், மரியாதை தெரிந்த பிள்ளை. எந்த வேலை சர்வருக்கு, எது புதுத் திரைக்கு என்று பிரிக்கக் கூட்டம் போட்டார்கள். அண்ணன் தம்பி சொத்துப் பிரிப்பது போலத்தான், தின்னக் கறிபாப் மட்டும் கூடுதல்.

"அக்கா, அலர்ஜி செக் ரெண்டு பக்கமும் ஓடுது. ஒண்ண மாத்தினா இன்னொண்ணையும் மாத்தணும், தலவலி லா. ஸ்க்ரீன்லயே வச்சுக்கிறோம், உங்க சர்வர் சேவ் மட்டும் பண்ணட்டும்" என்றான் ஸ்ரீகரன். "எல்லா வார்டும் புது ஸ்க்ரீனுக்கு வந்தாச்சுதானே?"

"வந்தாச்சு தம்பி" என்றாள் ஜெகதீஸ்வரி.

அது பொய். மூன்றாவது வார்டு வரவில்லை. அந்த வார்டின் தலைமை நர்ஸ் ஹபீபா பீவி அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டிருந்தாள். "ஜெகா, புதுசு தட்டத் தட்டச் சுத்திக்கிட்டே இருக்கு லா. எங்களுக்கு மட்டும் பழசையே விட்டுரு. யார்ட்டயும் சொல்லாத." தன் பிள்ளைகளின் காய்ச்சலுக்கெல்லாம் ஓடிவந்து பார்த்தவள் கேட்கும்போது எப்படி மறுப்பது? விட்டுவிட்டாள். அந்தச் சலுகை வெளியே தெரியக் கூடாதே என்றுதான் கூட்டத்தில் தலையாட்டினாள். அன்று மாலையே, இனி உன் பாடு என்ற எரிச்சலோடு, அலர்ஜி சோதிக்கும் வரிகளைச் சர்வரிலிருந்து அழித்தாள்.

அடுத்த வாரம் பாலிக் புலா ஊரிலிருந்து கால் புண்ணோடு குணவதி என்றொரு பெண் மூன்றாவது வார்டில் சேர்ந்தாள். பென்சிலின் ஒவ்வாது என்று அவள் பதிவில் இருந்தது. டாக்டர் போனில் பென்சிலின் சொன்னார். ஹபீபா பீவி பழைய திரையில் பதிந்தாள், அது ஏற்றுக்கொண்டது, ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் குணவதியின் முகம் வீங்கி மூச்சு அடைத்தது. தூக்கிக்கொண்டு ஐசியூவுக்கு ஓடினார்கள்.

செய்தி ஜெகதீஸ்வரிக்கும் வந்தது. பழைய திரைக்குச் சர்வரை விட்டால் வேறு காவல் இல்லை என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் எப்படித் தோன்றாமல் போயிற்று? எவ்வளவு யோசித்தும் அவளுக்கே பிடிபடவில்லை. அழித்த வரிகளைத் திரும்பச் சேர்த்துவிட்டு, விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் குணவதி கண் திறந்துவிட்டாள் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அவளால் தண்ணீரே குடிக்க முடிந்தது.

மதியம் விசாரணை. ஹபீபா பீவியின் வேலை போகும் என்று வராந்தாவெல்லாம் பேச்சு. நிர்வாக அதிகாரி நஸீஹா, "வார்னிங் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்திருக்கும்" என்றாள் ஹபீபா பீவி, அழுது கனத்த குரலில். "நான்தான் அவசரத்துல பாக்காமத் தட்டிட்டேன்."

ஜெகதீஸ்வரிக்கு அப்போதுதான் புரிந்தது. இவள் யாரையும் காப்பாற்றுவதற்காக இப்படிச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

"வரல" என்று எழுந்தாள். "வந்திருக்கவே முடியாது. நான் அழிச்சுட்டேன். மூணாவது வார்டு பழைய ஸ்க்ரீன்ல இருக்கறதையும் நான்தான் மறைச்சேன்."

நஸீஹா பேனாவைக் கீழே வைத்தார். ஹபீபா பீவி மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"நேத்துலேருந்து என் கண்ணையே நான் நம்பல, ஜெகா" என்றாள். "அந்தச் செக்க எடுத்தத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"