செஸ்ட்நட் நுரை

ஜெர்மனியில் எர்லாங்கனுக்குப் போன முதல் இலையுதிர் காலத்திலேயே செஸ்ட்நட் என்ற கொட்டையைப் பற்றி எல்லாம் தெரிந்தவனாகிவிட்டேன். சந்தையில் சுட்டு, காகிதப் பொட்டலத்தில் சூடாகத் தருவது ஒன்று. நான் சைக்கிளில் ஆபீஸ் போகிற வழியெல்லாம் உதிர்ந்து கிடப்பது வேறொன்று. அதைத் தின்றால் வயிற்றைப் புரட்டும். குழந்தைகள் அதில் தீக்குச்சி செருகிப் பொம்மை செய்வார்கள். மருந்துக்கடையில் அது கால்வலிக்குக் களிம்பு. என் நரையை மறைத்த தலைச்சாயத்தின் நிறத்துக்குக்கூட அந்தப் பெயர்தான். நான் விளக்க விளக்க, என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

ஊரில் அவள் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள். இங்கே அவளுடைய விசாவில் வேலை செய்ய அனுமதியில்லை என்று அச்சடித்திருந்தது. என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் 'ஹவுஸ்ஃப்ராவ்' என்பாள், இல்லத்தரசி. அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும். எனக்கு அது பொறுக்காது.

அந்த நவராத்திரிக்கு அவளுடைய கல்யாணப் பட்டில் நெய் கொட்டிவிட்டது. சலவைக்கடையில் ஜரிகையைப் பார்த்ததுமே பொறுப்பேற்க முடியாது என்று கைவிரித்தார்கள். வழியெல்லாம் நான் பொரிந்துதள்ளினேன். வீட்டுக்கு வந்தால், எங்கள் மகள் தெருவில் பொறுக்கிவந்து பால்கனியில் போட்டிருந்த செஸ்ட்நட் காய்கள் நசுங்கி, மழைநீரில் நுரைத்துக் கிடந்தன. என் மனைவி குனிந்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"நம்ம பூந்திக்கொட்டை மாதிரியே நுரைக்குது. அதே சங்கதிதான் இதுலயும் இருக்கணும்," என்றாள்.

கல்யாணப் புடவை, விளையாடாதே என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயம் ஏறக்கூடாதென்று பழுப்புத் தோலை உரித்து, பருப்பைத் துருவி ஊறவைத்து வடிகட்டினாள். முதலில் கொசுவத்துக்குள் மறையும் ஒரு மூலையில் தொட்டு, காயும்வரை காத்திருந்தாள். என்ன பொறுமை! அதற்குப் பிறகுதான் கறையில் கை வைத்தாள். நெய் போயிற்று, ஜரிகை அப்படியே இருந்தது.

புடவையை நிழலில் உலர்த்தும்போது, அடுத்த பால்கனி அம்மாள் வாளியில் என்ன என்று கேட்டார். விளக்க நான் வாயைத் திறப்பதற்குள், என் மனைவி வகுப்பில் கற்ற ஜெர்மனில் திக்கித் திக்கிச் சொல்லி முடித்துவிட்டாள். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் அவர்.

"இஷ் பின் கெமிகெரின்," என்றாள். நான் வேதியியலாளர்.

குரல் இறங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.