பாகு பார்க்கிறவரின் ஈறு

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் செல்வி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். முந்தானையில் ரத்தம்.

கோவில்பட்டியில் ஒரு பல் கிளினிக்கில் ஏழு வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். சிகிச்சை முறைகளை நோயாளிக்கு விளக்குவது என் வேலை. மகள் பையில் டிபன் பாக்ஸ் வைத்தேனா என்று பாதி வழியில் வண்டியை நிறுத்துகிற ஆள் நான். அதனால் எதையும் இரண்டு தடவை சொல்வேன். செல்வி அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அவருக்குக் கீழ் முன்பல் இரண்டில் ஈறு இறங்கி வேர் தெரிந்தது. வழி இரண்டு. ஒன்று கிராஃப்ட்: அண்ணத்திலிருந்து மெல்லிய சதை எடுத்து வேர் மேல் வைத்துத் தைப்பது. புண் இரண்டு இடத்தில். மற்றது பின்ஹோல்: சின்னத் துளை வழியாக ஈறைத் தளர்த்தி, பல்லை மூடும்படி நகர்த்தி, உள்ளே கொலாஜன் பட்டை வைப்பது. அண்ணத்தில் கைவைக்க வேண்டாம்.

“எது நிக்கும்?”

“உங்க ஈறு ரொம்ப மெலிசுக்கா. கிராஃப்ட்தான் நிக்கும்னு டாக்டர் மேடம் சொல்லுதாங்க.”

“அப்ப அதையே வைங்க.”

படிவத்தில் தொழில்: மிட்டாய் கம்பெனி. பாக்கிங் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

ரத்தத்தோடு வந்த அன்று முதலில் கேட்டது இதுதான்: “கடலைமிட்டாய் சாப்பிட்டீங்களாக்கா?”

“சத்தியமா சாப்பிடலம்மா. பாகைத் தண்ணியில விட்டு, ஆறுனதைக் கடிச்சுப் பாத்துட்டுத் துப்பிட்டேன்.”

“கடிச்சீங்களா!”

“கடிக்காம பதம் எப்படித் தெரியும்? பல்லுல ஒட்டக் கூடாது, நொறுங்கணும். தீபாவளி ஆர்டரு. நான் லீவு போட்டா அண்டா முன்னால வேற ஆளு நிக்கும். பெறகு என்னய பாக்கிங்ல உக்கார வச்சிருவாவ.”

துப்பக் கூடாது என்பது ஆபரேஷன் முடிந்ததும் நான் கொடுத்த அறிவுரைத் தாளில் நாலாவது வரி.

பாகுச் சில்லு அண்ணத்துப் புண்ணைக் கீறியிருந்தது. கீழே ஒரு தையல் விட்டிருந்தது. மேடம் ரத்தத்தை நிறுத்தி, புண்ணை மூட அண்ணத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பிளேட் மாட்டி, தையலைத் திரும்பப் போட்டார். “ஒட்டுனா ஒட்டும்” என்றார்.

“அக்காவோட வேலை என்னன்னு முன்னமே தெரிஞ்சிருந்தா பின்ஹோல் பண்ணியிருப்பீங்களா மேடம்?” என்று பிறகு கேட்டேன்.

“இல்ல. கிராஃப்ட்தான். தீபாவளி முடிஞ்சு வரச் சொல்லியிருப்பேன்.”

அன்று வீட்டில் மூன்று தடவை அந்தத் தாளைப் படித்தேன். தாளில் தப்பில்லை.

அக்கா இரண்டு வாரம் அண்டா பக்கம் போகவில்லை. கம்பெனியிலிருந்து பாகை டம்ளர் தண்ணீரில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்தார்களாம். உடைகிற சத்தத்தை வைத்தே பதம் சொல்லியிருக்கிறார். தையல் பிரித்ததும் கண்ணாடியில் பார்த்தார். ஒரு பல் முழுக்க மூடியிருந்தது. மற்றதில் நூல் அளவு வேர் தெரிந்தது.

“ஒண்ணு சரியான பதம். இன்னொண்ணு இளம்பாகு” என்றார்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். தொழில் என்ன என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தத் தொழிலில் வாய்க்கு என்ன வேலை என்று கேளுங்கள்.

அக்காவுக்குத் தையல் பிரித்த மறுநாள் ஈறு காட்ட வந்தவர் விளாத்திகுளத்து மிளகாய் வத்தல் வியாபாரி.

“அண்ணாச்சி, வத்தலைக் கடிச்சுப் பாப்பீங்களா?”

“பின்ன, கடிக்காம எப்படித் தாயி வெலை சொல்லுதது?”

படிவத்தில் தொழிலுக்குப் பக்கத்தில் அதையும் எழுதி, பேனாவை மூடிவிட்டு மேடத்தைக் கூப்பிடப் போனேன்.